இடது கன்னத்துச் செல்கள்

என் அண்ணியின் வலது கன்னத்தின் உட்புறத்தில் இருந்த வெள்ளைத் திட்டை முதலில் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு, கையிலிருந்த மரக்குச்சியை இடது கன்னத்துக்கு மாற்றினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் ஏதோ எனக்குத் தெரியாமல் நடந்துபோனது மாதிரி ஆகிவிடும். தெரிந்துதான் செய்தேன்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். மனிதர்களின் வாயிலிருந்து செல்களை எடுத்து, அவற்றின் மரபணு எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்று பார்க்கும் வேலை. கேட்கப் பெரிதாக இருக்கும். செய்வது இவ்வளவுதான்: ஆளை வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டையான மரக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை நாலைந்து முறை வழிக்க வேண்டும். வழித்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயவைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைக்க வேண்டும். நல்ல செல்லின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரே ஓர் உட்கரு இருக்கும். அடிபட்ட செல்லில் அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பொட்டு தெரியும். செல் பிரியும்போது சேராமல் தனியே நின்றுபோன மரபணுத் துண்டு அது. ஓர் ஆளுக்கு இரண்டாயிரம் செல்களைப் பார்த்து, எத்தனை பொட்டு என்று எண்ணி எழுத வேண்டும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது கழுத்து நம்முடையதாக இருக்காது.

பூச்சிமருந்து அடிக்கிறவர்களைத் தேடிக் கோலியனூர் பக்கமும், கல் உடைக்கும் கிரஷர்களில் வேலை செய்கிறவர்களைத் தேடி வானூர் பக்கமும் அலைந்தேன். பஸ்ஸில் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் தகடுகள். ஊர்களில் எனக்கு ‘எச்சிக்காரப் பொண்ணு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “கொரோனாவுல மூக்குல வுட்டது போதாதுன்னு இப்ப வாயில வுட வந்துட்டியா?” என்று ஒரு கிரஷர் தொழிலாளி கேட்டார். கேட்டுவிட்டு வாயைத் திறந்தார். நல்ல மனிதர். பொதுவாக ஆண்கள் திறந்துவிடுவார்கள். பெண்கள்தான் முந்தானையால் மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே பின்னால் போவார்கள். எச்சிலை இன்னொருத்திக்குத் தருவதா என்பது அவர்களுக்கு உண்மையிலேயே கூச்சமான விஷயம்.

அடிபட்டவர்களை எண்ணினால் மட்டும் போதாது. மருந்து, கல்தூசி, பீடி, புகையிலை எதுவும் படாத ஆட்களின் செல்களையும் எண்ணி ஒப்பிட்டால்தான் முதல் எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆய்வகத்தில் ‘கண்ட்ரோல்’ என்று பெயர். எங்கள் பக்கத்து ஆண்களில் கண்ட்ரோல் தேடுவது பெரிய பேஜாரு. ஒருவர் மருந்து அடிக்காதவராக இருப்பார், வாயில் ஹான்ஸ் புகையிலை இருக்கும். எனவே பெண்கள் பக்கம் திரும்பினேன். கோலியனூரைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில், அண்ணன் வீடு இருக்கிற தெருவிலும் அடுத்த தெருவிலும் எனக்கு எல்லாரையும் தெரியும். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீடுதான் எனக்குத் தாய்வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வீடு வீடாகக் குச்சியோடு நுழைந்தேன்.

படிவத்தில் முதல் கேள்வி வயது. இரண்டாவது, என்ன வேலை. ஒவ்வொருத்தியும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“வேல இன்னா வேல. வூட்ல சும்மாதான் இருக்கேன்.”

நானும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டே போனேன்.

சொல்லும்போது அவர்கள் கை சும்மா இல்லை. பூ கட்டிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் ஒருவர் வந்து ஈரச் சாக்கில் மல்லி மொக்கை வாசல் வாசலாக இறக்கிவிட்டுப் போவார். மூன்று மணிக்குள் கட்டித் தர வேண்டும். எங்கள் தெருவில் சமைக்கிற மாதிரி, துணி துவைக்கிற மாதிரி, அதுவும் பெண்கள் செய்கிற ஏதோ ஒன்று. அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பு வரை நானே கட்டியிருக்கிறேன். கேட்டால் நானும் சும்மா இருந்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். வெளியூர்ப் பெண் ஒருத்தி அந்தப் படிவத்தோடு வந்திருந்தால், “இது என்னங்க, இவ்வளவு பூ?” என்று கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பூவை நான் பார்க்கவே இல்லை.

ஆடி மாதக் கடைசியில் கண்ட்ரோலுக்கு இன்னும் ஒரே ஓர் ஆள் குறைந்தது. அதுவரை அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்டால் கேலி செய்வாள். அண்ணன் கூலிக்கு மருந்து அடிக்கிறவன். அவனிடம் முன்பே எடுத்தாகிவிட்டது. அன்று அண்ணியைப் பிடித்தேன்.

“ஐய, உங்கண்ணன் எச்சிய எடுத்துக்கினு போனியே, அது பத்தாதா?” என்றாள்.

“அது வேறங்க அண்ணி. அவரு மருந்து அடிக்கிறவரு. நீங்க எதுலயும் படாதவங்க.”

“நான் எதுலயும் படாதவளா? அத உங்கண்ணங்கிட்ட சொல்லு.” சிரித்துக்கொண்டே வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். புகையிலை உண்டா என்ற கேள்விக்கு, வெற்றிலையே விசேஷத்துக்குத்தான் என்றாள். அது உண்மை. வேலை என்ன என்பதை நான் கேட்கக்கூட இல்லை, நானே ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டேன்.

அண்ணி வாயைத் திறந்தாள். செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். வலது கன்னத்தின் உள்ளே, உடைந்த ஒரு கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. விரலால் தடவிப் பார்த்தேன். போகவில்லை. வாயில் புண்ணோ திட்டோ இருந்தால் அந்த ஆளிடம் மாதிரி எடுக்கக்கூடாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எங்கள் செயல்முறைத் தாளில் இருக்கிறது. அந்த வரியைத் தமிழில் எழுதியவளே நான்தான்.

“இது இன்னாங்க அண்ணி, வெள்ளையா?”

“சூடா கொழம்பு வாயில வச்சிட்டேன் பாப்பா. சுட்டுக்கிச்சி.”

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இவளை விட்டால் அடுத்த ஞாயிறும் வர வேண்டும். திங்கட்கிழமை ஆட்கள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள் என்று என் வழிகாட்டியான மேடத்திடம் சொல்லியாக வேண்டும். குச்சியை இடது பக்கம் மாற்றி வழித்தேன். தகட்டில் தடவினேன். படிவத்தில் ‘வாய்ப்புண்: இல்லை’ என்று டிக் அடித்தேன். கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே, “ஒரு தபா ஆஸ்பத்திரில காட்டிக்கிங்க” என்றேன். “ஆவட்டும்” என்றாள். அப்போதே அவள் அடுத்த கோர்வைக்கு வாழைநாரைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழித்த நார்களைத் தரையில் போடமாட்டாள். வலது கடைவாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவிக் கட்டுவாள்.

எண்ணும்போது எந்தத் தகடு யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. கூடப் படிக்கும் ஒரு தோழி எல்லாத் தகட்டிலும் பெயரை மறைத்து எண் ஒட்டிவிட்டாள். ஐந்து மாதம் எண்ணினேன். சில தகடுகள் சுத்தமாக இருந்தன. சிலவற்றில் பொட்டு மேல் பொட்டு. ஒரு தகட்டைப் பார்த்து, “இது நிச்சயம் மருந்து அடிக்கிற ஆள், அதுவும் முகத்துல துண்டுகூட கட்டாத ஆள்” என்று தோழியிடம் ஜம்பமாகச் சொன்னேன். ஏதோ செல்லைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறவள் மாதிரி.

தை மாதத்தில் எண்களைப் பிரித்தோம். நான் ஜம்பம் அடித்த அந்தத் தகடு கண்ட்ரோலில் இருந்தது. எங்கள் தெருமுனை வீட்டுப் பெண். அது மட்டுமில்லை. கண்ட்ரோல் பெண்களுக்கும் மருந்து அடிக்கிறவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ட்ரோல்ல எப்படிம்மா இவ்வளவு வரும்? லேபிள மாத்தி ஒட்டிட்டீங்களா?”

ஒட்டவில்லை. இரண்டு நாள் சரிபார்த்தோம். மூன்றாம் நாள் மேடம் சலிப்போடு, “இந்த லேடீஸ் எல்லாம் நாள் முழுக்க என்னதான் செய்றாங்க?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல மேடம், வீட்ல சும்மா பூ கட்டிக்கிட்டு...” என்று நான் பாதி சொல்லும்போதே எனக்கு அந்த ஈரச் சாக்கு ஞாபகம் வந்தது.

மல்லித் தோட்டத்தில் மொக்குப்புழுவுக்கு மருந்து அடிப்பார்கள். பல நாள் சாயங்காலம் அடித்துவிட்டு மறுநாள் விடியலில் பறிப்பார்கள். சாக்கைப் பிரிக்கும்போது பூ வாசனைக்கு முன்னால் மருந்து நெடிதான் வரும். என் சின்ன வயதிலேயே அப்படித்தான். அந்தப் பூவைத் தொட்ட கையால் நாரை நனைத்து, அந்த நாரை வாயில் கவ்வி, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களை ‘எதிலும் படாதவர்கள்’ என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் தப்பை எங்கள் தெருவில் பிறந்தவளால்தான் செய்ய முடியும்.

மேடம் திட்டவில்லை. “இது தனி ஆராய்ச்சி, அப்புறம் பண்ணு. இந்த செட்ட எடுத்துடு. டீச்சர், பேங்க் ஸ்டாஃப்னு புதுசா ஆள் பிடி” என்றார். அவர் சொன்னது முறைதான். பூதான் காரணம் என்று சொல்ல அந்தத் தகடுகள் போதாது. இன்னொன்றும் சொன்னார்: “ஞாபகம் வச்சுக்க, இந்த டெஸ்ட் கூட்டத்தப் பத்தித்தான் பேசும். ஒரு தனி ஆளப் பத்தி ஒண்ணும் சொல்லாது. யாருக்கும் ரிசல்ட் சொல்லாத.”

அதையும் மீறினேன். அன்று சாயங்காலம் முதலில் அண்ணியின் எண்ணைத்தான் தேடினேன். அவளுடைய எண்ணிக்கை எல்லாவற்றையும்விட அதிகம் என்று வந்திருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. நடுவில், கவனிக்கவே தோன்றாத ஓர் இடத்தில் இருந்தது. அண்ணனுடையது அதற்கும் கீழே. தெருமுனைப் பெண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள், பூ கட்டுகிறாள். அண்ணியின் எண்ணைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. இடது கன்னத்தில் எடுத்த செல்கள் வலது கன்னத்துக்கு என்ன சாட்சி சொல்லும்? எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அப்பாடா என்றுதான் இருந்தது. உடனே போன் போட்டேன்.

“உங்கண்ணனுக்கு எப்பிடி வந்துகீது?” அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

“ஒண்ணும் பயமில்லங்க. உங்களுதும் பரவால்ல அண்ணி, நடுவுலதான் கீது. அந்த வெள்ள இன்னும் இருக்குதா?”

“கீது. காரம் துன்னா லேசா எரியுது. அதான் ஒண்ணுமில்லன்னு வந்துட்ச்சே.”

“இருந்தாலும் ஒரு தபா காட்டிடுங்க.”

“காட்டலாம் காட்டலாம். இப்ப முகூர்த்த சீசனு, பூ கொட்டுது.”

ஆனி மாதம் அண்ணன் போன் செய்தான். அண்ணியால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை என்றான். அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். திட்டு இருந்த இடத்தில் தடித்துப் புண்ணாகி, கன்னத்துக்கு வெளியிலேயே வீக்கம் தெரிந்தது. டாக்டர் மூன்று முறை புகையிலை உண்டா என்று கேட்டார். மூன்று முறையும் அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. “எவ்வளவு நாளா இருக்கு?” என்றார். “இப்பதாங்க, ரெண்டு மாசமா” என்று அண்ணன் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் கோபக்காரர் இல்லை. படம் வரைந்து காட்டி, நிதானமாகச் சொன்னார்: திட்டாக இருந்தபோதே வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் சின்னதாக வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது கன்னத்தையும் கீழ்த்தாடை எலும்பில் பாதியையும் எடுக்க வேண்டும். நெஞ்சிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். அண்ணி பிழைத்தாள். பிறகு முப்பது முறை கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். இன்று அவள் பேசினால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். மூக்கில் போட்ட குழாயை எடுத்த பிறகும் பல மாதம் கேப்பைக் கஞ்சிதான். அதுவும் பாதி வெளியே வழியும். முந்தானையை வாயிலிருந்து எடுப்பதே இல்லை.

அவளுக்கு ஏன் வந்தது என்று என்னைக் கேட்கிறார்கள், படித்தவள் என்று. மருந்தா, நாரா, உடைந்த கடைவாய்ப்பல் தினமும் உரசியதா? எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆனால் ஆடியில் கண்ணில் பட்டது அடுத்த ஆனிவரை ஏன் டாக்டரிடம் போகாமல் நின்றது என்பது எனக்குத் தெரியும். ஆய்வை அப்படியே நிறுத்திவிட்டேன். மேடம் இரண்டு முறை கூப்பிட்டார். போகவில்லை. சுய தண்டனை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு காலையில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணியின் கழுத்துப் பக்கத்தில் ஆறாத இடத்துக்குக் கட்டு மாற்ற, சுகாதார நிலையத்து நர்ஸ் வந்திருந்தார். புதிதாக வந்தவர் இல்லை. இரண்டு வருடமாக அந்த ஊருக்கு வருகிறவர். என்னை மட்டும் அவருக்குத் தெரியாது. அண்ணன் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நான் பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். பழைய பஞ்சை எடுத்துக்கொண்டே நர்ஸ் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

“இவங்கள நெனச்சா எனக்கு ஆத்தாமையா இருக்குதுங்க. போன வருஷம் மாசி மாசம் இங்க ஸ்கூல்ல வாய் செக் பண்ற கேம்ப் போட்டோம். நானே வூட்டு வாசல்ல வந்து கூப்ட்டேன். எனக்கு ஏற்கனவே பாத்தாச்சி, எங்க வூட்டுப் பொண்ணு லேப்ல கீது, டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ச்சின்னாங்க. நானும் லேப்ல பாத்துட்டாங்கன்னா சரின்னு போய்ட்டேன். அன்னிக்கி வந்திருந்தா டாக்டரு புடிச்சிருப்பாரு. யாருங்க அந்தப் பொண்ணு? இப்பிடி வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போவலாமா?”

தை மாதம் நான் போட்ட போன். மாசி மாதம் கேம்ப். அண்ணி ஒருநாளும் இதை என்னிடம் சொல்லவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானைக்குள்ளிருந்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, நர்ஸிடம் சொன்னாள்:

“அது... இவ இல்ல. அது வேற பொண்ணு. தூரத்துச் சொந்தம்.”

சொல்லிவிட்டு, உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அவள் அண்ணனிடம் வாய்விடவில்லை. தாடை போய், சோறு போய், பேச்சு போன பிறகும், எனக்கு அந்தத் தாய்வீட்டு வாசல் மூடிவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

“நான்தாங்க அந்தப் பொண்ணு” என்றேன்.

நர்ஸ் பஞ்சைத் தட்டில் போட்டார். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உள்ளே அண்ணன் நடமாடுகிற சத்தம் நின்றிருந்தது. சட்டைக்குப் பட்டன் போடாமலே கதவருகில் வந்து நின்றான்.

“இன்னா சொன்ன?” என்று கேட்டான்.

அவன் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் கேட்டான். நான் வேறு எதையாவது சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டான் போல. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு அண்ணன் தங்கை உறவுதான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆடி மாதத்திலிருந்து தொடங்கி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.